சோம்பல் என்று பெயரிட்டோம்

திருக்குறளில் மடியின்மை என ஓர் அதிகாரம் உண்டு, அஃது அறுபத்தோராவது. மடி என்பது சோம்பல். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேற் கழித்துவிட்ட எனக்கு அவ்வதிகாரம் முழுவதும் மனப்பாடம். பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்று எத்தனையோ வகுப்புகளில் அதனைக் கற்பித்திருக்கிறேன். ஒருநாள் அதனைக் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில், கடைசி வாங்கில் தலை சாய்த்திருந்த ஒரு மாணவனை எழுப்பினேன். "இவ்வதிகாரம் உனக்காகவே எழுதப்பட்டது" என்று கூறி, பாடம் முடியும்வரை நிறுத்திவைத்தேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரிக்க முயன்றான். அன்று நான் செய்தது பிழை என்பதை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. அந்தப் பிழையை மறைக்காமற் சொல்வது பிற ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

அது ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலையொன்றின் முகட்டில் அமைந்த பாடசாலை. லயங்கள் கீழே பள்ளத்தில் இருந்தன. அங்கிருந்து பிள்ளைகள் ஏறத்தாழ முந்நூறு படிகள் ஏறி வரவேண்டும். மற்றப் பிள்ளைகள் ஓடி ஏறுவர். இவன் மூன்று இடங்களில் உட்கார்ந்து வருவான். வகுப்பிலே குள்ளமானவன் இவனே. கண்ணிமைகள் எப்பொழுதும் பாதி தாழ்ந்திருக்கும். எழுதத் தொடங்கினால் முதல் நான்கு வரிகள் முத்துக்கோத்தாற்போல் இருக்கும். பத்தாவது வரியில் எழுத்துகள் சரிந்து விழும். மாதத்தில் இரண்டொரு முறை தலைவலி என்பான், வாந்தி எடுப்பான். ஒருமுறை காரணம் கேட்டேன். "படி ஏறி வந்தா காலெல்லாம் கனத்துப் போகுது சேர். ராவைக்கு நல்லாத்தான் தூங்குறேன்" என்றான். நல்லாய்த் தூங்குகிறவன் பகலில் ஏன் தூங்கவேண்டும் என்று நான் தருக்கம் பேசினேன். அவன் சொன்னது ஒரு நோயின் இலக்கணம் என்பது எனக்கு அப்பொழுது தெரியவில்லை.

மலையகத்து மக்களைச் சோம்பேறிகள் என்று பிறர் சொன்ன காலம் ஒன்று இருந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் வெளிறி, மூச்சிளைத்து, வேலையில் தளர்ந்தபோது அது குணக்கேடு என்றே கருதப்பட்டது. உண்மையில் அவர்களுடைய குடலில் கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே கதைதான். அங்கே சார்ல்ஸ் ஸ்ரைல்ஸ் என்ற விஞ்ஞானி 1902 இல் அப்புழுவைப் பற்றி எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பற் கிருமி' என்றே பெயரிட்டன. ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே புழுவொழிப்பு வேலையைத் தொடங்கினர். புழு வெளியேறியது, 'சோம்பல்' என்பதில் ஒரு பெரும்பங்கும் அதனோடு வெளியேறியது. இந்த வரலாற்றை அறிந்திருந்தும், அதே சொல்லை எடுத்து அதே மக்களின் பிள்ளை ஒருவன் மேல் எறிந்தேனே என்பதுதான் என் வருத்தம்.

அவன் என் வகுப்பைக் கடந்து சென்ற பின்னர் நிகழ்ந்தவற்றை அவனுடைய தாயார் வாயிலாகவே அறிந்தேன். பதினேழாம் வயதில் ஒருநாள் கடுமையான தலைவலியும் வாந்தியும் கண்டன. ஒருபக்கப் பார்வை மங்கியது. பின்னர் வலிப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கிய பயணம் ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு நீண்டது. வலிப்புக்கு ஒரு கிளினிக், கண்ணுக்கு ஒரு கிளினிக், வயிற்றுக்கு ஒரு கிளினிக். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. ஒரு கிளினிக்கின் கொப்பியை மற்றக் கிளினிக்கில் எவரும் கேட்கவில்லை. அந்தத் தாயும் கொடுக்கவில்லை. தாயாருக்குச் சீனி வருத்தம். அவருக்கும் தனியாக ஒரு கொப்பி.

இங்கே நம் மலைநாட்டுக்கு உரிய ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். எந்த நோய்க்குறியைச் சொன்னாலும் அதற்கு ஆயத்தமான விடை ஒன்று இங்கே காத்திருக்கிறது. பிள்ளை குள்ளம் என்றால் போசாக்கின்மை. அது பொய்யும் அன்று. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 17 விழுக்காடு. தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 விழுக்காடு. களைப்பு என்றால் இரத்தசோகை. தலைவலி என்றால் மலைக்குளிர். வலிப்பு என்றால் காட்டேரி. தாயாருக்குக் காது மந்தம் என்றால், அவர் சில ஆண்டுகள் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்; ரோதை இரைச்சல். ஒவ்வொரு விடையும் தனித்தனியே பொருத்தமானதுதான். ஆனால் ஒரே வீட்டில் ஐந்து வினாக்களுக்கு ஐந்து தனி விடைகள் வேண்டியிருந்தால், ஐந்துக்கும் பொதுவான விடை ஒன்று இருக்குமோ என்று எவரேனும் ஐயுறவேண்டும்.

அந்த ஐயம் கொழும்பிலே ஒரு நரம்பியல் மருத்துவருக்கு எழுந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பின்புறத்தில் பக்கவாதம் போன்ற ஓர் அடையாளம் தெரிந்தது. ஆனால் அஃது எந்த ஓர் இரத்தக் குழாயின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. பதினேழு வயதுப் பையனுக்குப் பக்கவாதம் ஏன்? சிங்களவரான அம்மருத்துவர் தமிழ்த் தாதி ஒருவரை அருகில் அழைத்தார். படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, "அம்மாவுக்குக் காது எப்பொழுது மந்தமாயிற்று?" என்று கேட்கச் சொன்னாராம். முப்பத்தைந்து வயதில் என்று விடை வந்தது. "அம்மாவின் அம்மாவுக்கு?" அம்மாயிக்கும் காது கேட்காது, அவர் ஸ்டோருக்கே போனதில்லை, வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்தவர். அவருக்கும் சீனி. தாயின் தங்கைக்கும் சீனி. அவரோ மெலிந்த உடம்புக்காரர். மருத்துவர் ஒரு தாளை எடுத்து அந்தக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்தார். தாய்வழியே நோய் இறங்கி வந்திருந்தது. பின்னர் செய்த பரம்பரையலகுச் சோதனை அதனை உறுதிப்படுத்தியது. நோயின் பெயர் மெலாஸ். அஃது இழைமணி நோய்களுள் ஒன்று.

இழைமணி என்னும் சொல்லைப் பற்றித் தமிழாசிரியன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. 1898 இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர், உடற்கலங்களுக்குள்ளே நூலாகவும் மணியாகவும் தோன்றிய நுண்ணுறுப்புகளைக் கண்டு மைற்றோகொண்ட்ரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் மைற்றோஸ் என்பது நூல். கொண்ட்ரோஸ் என்பது மணி. நம் நாட்டுத் தமிழ் விஞ்ஞானப் பாடநூல்கள் அதனை இழைமணி என்று வழங்குகின்றன. மூலச் சொல்லின் இரு உறுப்பும் சிதையாமல் வந்த ஆக்கம் இது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிந்திருக்கும் இச்சொல், நோயாளியின் வீட்டாருக்கு மட்டும் தெரியாமற் போனது விந்தை.

இழைமணியின் வேலை யாது? நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் ஒட்சிசனையும் கொண்டு, உடல் செலவிடக்கூடிய சக்தியை ஆக்குவது. அச்சக்தி ஏ.ரீ.பீ. என்னும் பொருளாகக் கலமெங்கும் வழங்கப்படுகிறது. ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இழைமணிகள் உண்டு. செங்குருதிக் கலத்தில் மாத்திரம் இல்லை. மூளை, இதயம், தசை, கண், உட்காது, இன்சுலின் சுரக்கும் கணையக் கலம் ஆகியவை பெருஞ்செலவாளிகள். இழைமணி பழுதுற்றால் முதலில் தளர்வன இவையே. ஆகவேதான் இந்நோய் ஒருவனுக்குக் கண்ணிமையில் தோன்றும். அவன் தாய்க்குக் காதில் தோன்றும். சிறிய தாய்க்குச் சீனி வருத்தமாகத் தோன்றும். எந்த உறுப்பில் வேண்டுமானாலும், எந்த வயதில் வேண்டுமானாலும் தோன்றலாம் என்பதே இதன் இயல்பு. உறுப்புக்கொரு மருத்துவர் என்று அமைந்த ஒழுங்கில், எந்த ஒரு மருத்துவர் கண்ணிலும் இது முழுமையாகப் படுவதில்லை.

இழைமணிக்குச் சொந்தமாக ஒரு சிறு டீ.என்.ஏ. ஏடு உண்டு. அதில் 16,569 எழுத்துகள், 37 பரம்பரையலகுகள். 1981 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் அதனை முற்றும் வாசித்தனர். இந்த ஏடு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. தந்தையின் ஏடு கருவிலே தங்குவதில்லை. மகனும் பெறுவான், மகளும் பெறுவாள். அடுத்த தலைமுறைக்கு மகளே கொடுப்பாள். என் மாணவனின் ஏட்டில் 3243 ஆம் இடத்திலே ஓர் எழுத்துப் பிறழ்ந்திருந்தது. மெலாஸ் நோய்க்கு இப்பிறழ்ச்சி காரணமாவதை யப்பானிய ஆய்வாளர் 1990 இல் கண்டறிந்தனர். அதே பிறழ்ச்சி நீரிழிவையும் செவிட்டுத்தன்மையையும் தாய்வழியே கொண்டுசெல்வதை 1992 இல் ஒல்லாந்து ஆய்வாளர் காட்டினர். ஏட்டுச் சுவடியிலே ஓர் எழுத்துப் பிழைத்தால் பொருள் எவ்வாறு கெடும் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆனால் ஒரே பிழை மூவரிடம் மூன்று வகையாக ஏன் தோன்றுகிறது? கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சாக்கில் நல்ல கொழுந்தும் முற்றிய இலையும் கலந்திருக்கின்றன. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் பல கூடைகளை நிரப்பினால், ஒரு கூடையில் முற்றல் பத்தில் ஒரு பங்கு. இன்னொன்றில் எட்டுப் பங்கு. முற்றல் சிறிது கலந்தால் தூளின் தரம் தாங்கும். ஓர் அளவைத் தாண்டினால் கெடும். அவ்வாறே ஒரு தாயின் பிள்ளைகள் பழுதுற்ற ஏடுகளை வெவ்வேறு விகிதத்திற் பெறுகின்றனர். ஒரே உடம்பிலும் உறுப்புக்கு உறுப்பு அவ்விகிதம் மாறும். ஆகையால் தாய்க்குச் செவிடு மட்டும், மகனுக்கு வலிப்பு, தமக்கைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிறது. இவற்றை ஒரே நோய் என்று யார் சொல்வார்?

உலக மருத்துவமும் இதனை அண்மையிலேயே அறிந்துகொண்டது. 1962 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் றொல்ப் லுப்ட் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் வரலாற்றை வெளியிட்டார். ஏழு வயதிலிருந்தே அப்பெண்ணுக்கு ஓயாத வியர்வை. மிகுதியாக உண்டும் உடல் மெலிவு. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு என்று கருதி அதன் பெரும்பகுதியை அகற்றியும் குணமில்லை. தசையை எடுத்து ஆராய்ந்தபோதுதான் குற்றம் இழைமணியில் என்பது தெரிந்தது. இழைமணியின் கோளாறே நோயாகும் என்று மெய்ப்பிக்கப்பட்ட முதல் வரலாறு அது. டீ.என்.ஏ. பிறழ்ச்சியே இத்தகைய நோய்க்குக் காரணமாகலாம் என்பது 1988 இலேயே நிறுவப்பட்டது. இன்று ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவருக்கு ஏதேனும் ஓர் இழைமணி நோய் உண்டு என மதிப்பிடுகின்றனர். மிக அரியது என்று தள்ளிவிடத்தக்க எண் அன்று.

நோயை ஐயுற்ற பின்னும் அதனை நிறுவுதல் எளிதன்று. இரத்தத்தில் இலற்றிக் அமிலம் கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். குழந்தை திமிறி அழுதால் அது தானே கூடும். எடுத்த இரத்தம் உரிய முறையில் விரைவாக ஆய்வுகூடம் சேராவிட்டாலும் கூடும். மலைப்பாதையிற் பல மணி நேரம் செல்லும் மாதிரி பொய் சொல்லக்கூடும். தசையைச் சிறிது வெட்டியெடுத்துச் சாயமிட்டு நோக்கினால், சிலரிடம் கிழிந்த சிவப்பு நார்கள் தெரியும், எல்லோரிடமும் தெரியா. 3243 ஆம் இடத்துப் பிறழ்ச்சியோ, வயது ஏற ஏற இரத்தத்திற் குறைந்துவிடும். சாக்கின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு முற்றல் இல்லை என்று கூறுவதை ஒக்கும் அது. சிறுநீரிற் கழியும் கலங்களிலும் தசையிலும் தேடினால் அது கிடைக்கும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. இழைமணியை இயக்கும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பதின்மூன்றுக்கே அந்தச் சிறு ஏட்டில் விதி எழுதப்பட்டிருக்கிறது. ஏனையவற்றின் விதி கலத்தின் கருவிலே உள்ளது. அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. ஆகவே இழைமணி நோய் எல்லாம் தாய்வழி நோய் என்று கொள்ளலாகாது. 1951 இல் டெனிஸ் லீ என்ற ஆங்கில மருத்துவர் விவரித்த, குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நோய் இருவழியாகவும் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்திற்குள்ளே மணம் செய்யும் நம்மவரிடையே, இரு பெற்றோரிடமும் மறைந்திருக்கும் ஒரே பிழை குழந்தையிடம் ஒன்றுகூடும் வாய்ப்பு மிகுதி. கொடிவழியைக் கேட்கும் மருத்துவர் இதனையும் கேட்கவேண்டும். நாமும் மறைக்காது கூறவேண்டும்.

பெரும்பாலானவற்றை வேரோடு களையும் மருந்து இல்லையென்றால், பெயரைக் கண்டறிந்து பயன் என்ன என்று ஒருவர் வினவலாம். பயன் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோயேட் என்ற மருந்து, பி.ஓ.எல்.ஜி. என்னும் பரம்பரையலகிற் பிழையுள்ளவர்களின் ஈரலைச் சிதைத்து உயிரையே பறிக்கவல்லது. காசநோய்க்கு ஊசியாக ஏற்றிய ஸ்ரெப்ரோமைசினும் அதன் இனத்து மருந்துகளும், ஏட்டின் 1555 ஆம் இடத்தில் பிழையுள்ளோரைச் செவிடராக்கும் என்பது 1993 இல் தெளிவாயிற்று. ஒரே ஊசி மருந்து ஒரு குடும்பத்தில் மட்டும் பலரைச் செவிடாக்கினால், அது தற்செயல் அன்று. ஆயினும் இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்வதே செய்யத்தக்கது. நோயின் பெயர் தெரிந்தால் இதயத்தையும் கண்ணையும் காதையும் காலந்தோறும் சோதிக்கலாம், சீனியை முன்கூட்டியே பிடிக்கலாம், செவிக்கருவி கொடுக்கலாம். இங்கிலாந்திலே, பழுதுற்ற இழைமணி தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லாதபடி, வேறொரு பெண்ணின் கருமுட்டையிலுள்ள நல்ல இழைமணியைத் துணைகொள்ளும் முறைக்கு 2015 இல் சட்டம் இடங்கொடுத்தது. அம்முறையால் எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தியை நியூகாசில் மருத்துவர்கள் 2025 இல் வெளியிட்டனர். நம் மலைக்கு அது வந்துசேர நெடுநாளாகலாம். கொடிவழி வரைவதற்கோ ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

தாளோடு மொழியும் வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார்; பின்னர் மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழியில் நோயைக் கேட்கவேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். இன்று எங்கள் மக்கள் கையிலுள்ள கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களே வாசிக்க இயலாது. தமக்குத் தெரிந்ததை மருத்துவருக்கு விளங்கும் மொழியிற் சொல்லவும் இயலாது. வரலாறு கேட்டே பிடிக்கவேண்டிய நோய்க்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. அன்று அந்தத் தமிழ்த் தாதி அருகில் இல்லாதிருந்தால், அம்மாயியின் செவிட்டுக் காது அந்தத் தாளில் ஏறியிராது.

இன்னொன்றையும் அஞ்சியே சொல்கிறேன். தாய்வழி நோய் என்றவுடன் தாயைக் குற்றவாளியாக்கும் நாக்குகள் நம்மிடம் உண்டு. "உன் வயித்துலதான் கோளாறு" என்று அந்தத் தாயை அவள் மாமியார் வீட்டார் சொன்னதாகக் கேட்டேன். ஓர் எழுத்துப் பிறழ்வு எவருடைய குற்றமும் அன்று. அதே ஏட்டிலிருந்துதான் அவனுடைய ஒவ்வொரு மூச்சுக்கும் வேண்டிய சக்தி வந்தது. சோம்பல் என்று நான் பிள்ளைக்கு இட்ட பெயரும், கோளாறு என்று அவர்கள் தாய்க்கு இட்ட பெயரும் ஒரே இனம்.

வள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்தார். நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்பது அங்கே அவர் கூறும் முறை. அவ்வதிகாரத்தின் இறுதியிலே நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். அந்த நான்காமவன் யார் என்று நான் வெகுநாள் எண்ணியதில்லை. ஆண்டுதோறும் நாள் தவறாது ஒரு பிள்ளையைப் பார்ப்பவன் ஆசிரியனே. முதல் நான்கு வரி நேராகவும் பத்தாம் வரி சரிந்தும் இருந்ததை எந்த மருத்துவரும் கண்டிலர், நான் கண்டேன். கண்டதை ஒரு கடிதமாக எழுதி அந்தத் தாயின் கையிற் கொடுத்திருக்கலாம்.

களைத்த பிள்ளைகள் எல்லோரும் இழைமணி நோயாளர் அல்லர். பெரும்பாலோர்க்கு இரத்தசோகையாக இருக்கும், சிலர்க்குப் புழு, சிலர்க்குக் காலை உணவின்மை. ஆனால் சோம்பல் என்பது இவை யாவற்றையும் தேடிப் பார்த்த பின்னர் இறுதியிற் சொல்லவேண்டிய சொல். நான் அதனை முதலிற் சொன்னேன்.

சென்ற ஆண்டு அவனைக் காணச் சென்றேன். லயத்து வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தான். அவன் செவியிலும் இப்பொழுது கருவி இருக்கிறது, நடை தளர்ந்திருக்கிறது, நினைவு தெளிவாயிருக்கிறது. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அதெல்லாம் விடுங்க சேர். எங்க அக்கா மக இப்ப உங்க பள்ளிக்கூடத்துலதான் ஆறாம் வகுப்பு படிக்கிறா. படி ஏறும்போது அவளக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான்.

இப்பொழுது காலைதோறும் மணி அடிப்பதற்கு முன்னர் படிக்கட்டின் மேல் நின்று பார்க்கிறேன். அவள் இதுவரை எங்கும் உட்கார்ந்ததில்லை.